தூண்டிலின் கடைசி முழம்



மலையில் இருக்கும் வாத்தியாருக்குக் கடல் தூண்டிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமுனுகுல மலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடல் தூரம். ஆனால் கருவாடு மணக்காத வாரம் நம் லயத்து அடுப்புகளில் உண்டா? நெத்தலி, கீரி, கட்டா, சுறா என்று கடல் நம் வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. கண்டி அரசர் காலத்திலேயே முஸ்லிம் வியாபாரிகள் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு கரையோரத்துக்கும் மலைக்கும் இடையே நடந்தார்கள். பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் மேலே ஏறின. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது, மாடு சுமந்ததை ரயில் சுமந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் இளைஞர்கள் பலர் பொத்துவில், பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். ஓய்வு நாளில் தூண்டிலும் போடுகிறார்கள். “சேர், லீடருக்கு எது நல்லது? தங்கூசியா, ஃபுளோரோகார்பனா, கம்பியா?” என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டால் விலை சொல்வார். சரித்திரம் படிப்பிக்கிறவரிடம் கேட்டால் கதைதான் வரும். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் பதிலும் இருக்கிறது.

முதலில், லீடர் என்றால் என்ன? சுருளில் இருக்கும் நீண்ட நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் இடையில் கட்டும் தனித் துண்டு நூல். சில வேளை ஒரு முழம், சில வேளை இரண்டு பாகம். மீனுக்குப் பக்கத்தில் போவது அந்தத் துண்டு மட்டும்தான். அதற்கு எப்போதும் மூன்று எதிரிகள்: மீனின் கண், மீனின் பல், தண்ணீர். கண்ணுக்குத் தெரிந்தால் மீன் இரையைத் தொடாது. பல் பட்டால் நூல் அறும். தண்ணீரில் ஊறினால் நூல் உக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக வெல்லும் நூலை மனிதன் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. லீடரின் வரலாறு முழுவதும் இந்தத் தேடல்தான்.

நார்க் காலம்

நம் பக்கத்தில் பழைய நூல்கள் மரத்திலிருந்தும் செடியிலிருந்தும் வந்தன. தென்னிந்தியக் கரைகளில் எருக்கம் நாரைத் திரித்துத் தூண்டில் நூலும் வலையும் செய்தார்கள். அதே நார் வில்லுக்கு நாணாகவும் போனது. நம் மலைச்சரிவில் வளரும் கித்துள் மரத்தை நாம் பாணிக்கும் கருப்பட்டிக்கும் மட்டும்தான் நினைக்கிறோம். அதன் கறுத்த நாரில் யானை கட்டும் கயிறு திரித்தார்கள், தூண்டில் நூலும் திரித்தார்கள். பிறகு பருத்தியும் சணலும் வந்தன.

இவற்றின் பெரிய குறை, தண்ணீர் தின்றுவிடும் என்பது. அதனால் மீனவர் வலையையும் கயிற்றையும் அடிக்கடி மரப்பட்டைச் சாயத்தில் காய்ச்சினார்கள். பனிச்சங்காயின் துவர்ப்பான பாலில் தோய்த்துக் காயவைத்தார்கள். வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த மரத்தின் பெயர் ஊர்ப்பெயரில் இன்னும் நிற்கிறது. கடலுக்குப் போகாத நாளில் மீனவருக்குப் பாதி வேலை இந்தச் சாயம் காய்ச்சுவதுதான்.

ஐரோப்பாவில் ஆற்று மீன் பிடித்தவர்கள் குதிரை வால் மயிரை முறுக்கிக் கட்டினார்கள். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில், எந்தக் காலத்துத் தண்ணீருக்கு மயிரை எந்த நிறத்தில் சாயமேற்ற வேண்டும் என்று விவரமாகவே எழுதியிருக்கிறது. மீனின் கண்ணுக்கு அன்றே பயந்திருக்கிறார்கள். 1667இல் லண்டன் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், வாத்தியத்தில் கட்டும் நரம்புத் தந்திக்கு வார்னிஷ் பூசித் தூண்டிலில் கட்டும் புதுமுறையைக் குறித்து வைத்தார். மயிரைவிட மெல்லியது, மயிரைவிடப் பலமானது என்பதுதான் அதன் சிறப்பு.

முர்ஸியாவின் பட்டுப்புழு

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம். ஸ்பெயினின் தென்கிழக்கில் முர்ஸியா என்ற நகரம் இருக்கிறது. 825இல் அந்தலூஸ் அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் உருவான நகரம். 1165இல் இப்னு அரபி பிறந்த ஊரும் அதுதான். பட்டுப்புழு வளர்ப்பை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனவர்கள் அறபிகள். ஆட்சி மாறியது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆனால் முசுக்கட்டை மரமும் பட்டுப்புழுவும் அங்கேயே தங்கிவிட்டன.

அந்த முர்ஸியாதான் 19ஆம் நூற்றாண்டில் உலகத்தின் தூண்டில்காரர்களுக்கு லீடர் கொடுத்த ஊர். செய்முறையைக் கேளுங்கள். கூடு கட்டத் தயாராகும் கடைசி நாளில் புழுவை எடுத்து வினாகிரியில் போடுவார்கள். சில மணி நேரம் ஊறியதும் கையால் பிய்த்து, உள்ளே இருக்கும் இரண்டு பட்டுச் சுரப்பிகளை வெளியே எடுத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க அது நீண்டு, காற்றுப் பட்டதும் இறுகிக் கண்ணாடி போன்ற இழையாகும். பிறகு தோல் நீக்கி, உலர்த்தி, தடிப்பு வாரியாகப் பிரித்து, பளபளப்பாக்கிக் கட்டுவார்கள். ஆங்கிலேயர் இதைப் பட்டுப்புழுக் குடல் என்று அழைத்தார்கள். உண்மையில் அது குடல் அல்ல, பட்டு.

ஒரு சுரப்பியிலிருந்து கிடைப்பது ஓரடி, கொஞ்சம் கூட. மூன்று யார் லீடர் வேண்டுமென்றால் பல துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். காய்ந்தபடி முடிச்சுப் போட்டால் பட்டென்று ஒடியும். அதனால் போகும் முன் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் நூறு ஆண்டுக்கு மேல் அதை வெல்ல வேறொன்று வரவில்லை. காரணம், தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரிவது குறைவு. அதே இழையை வைத்தியர்கள் காயம் தைக்கவும் பயன்படுத்தினார்கள்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் கைகளை அறிந்த நமக்கு ஒன்று புரியும். ஒரு பொருள் மெல்லியதாக, அழகாக, மலிவாகத் தூரத்துச் சந்தையில் கிடைக்கிறதென்றால், எங்கோ சில கைகள் நாள் முழுக்க அதைத் தொட்டுப் பிரித்திருக்கின்றன.

நைலோன் வந்தது

1935 பெப்ரவரியில் அமெரிக்காவின் டூபோன் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸ் குழு நைலோனை உருவாக்கியது. மன நோயால் வருந்திய கரோதர்ஸ் 1937 ஏப்ரலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தன் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1938 ஒக்டோபரில் உலகுக்கு அறிவித்தார்கள். முதலில் பல் துலக்கும் தூரிகையின் மயிராக வந்தது, 1940இல் பெண்களின் காலுறையாக வந்தது, போர்க்காலத்தில் பரசூட் ஆனது. இடையில் தூண்டில் நூலாகவும் ஆனது. அதே காலத்தில்தான் ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர், அதன் பின்னாலேயே உலகப் போர். பட்டு இழை வரத்துக் குறைந்தது. போர் முடிந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் நைலோனுக்குப் பழகிவிட்டார்கள். முர்ஸியாவின் தொழில் மெல்ல மறைந்தது.

இலங்கையில் 1950களின் பின்பகுதியில் இயந்திரப் படகும் நைலோன் வலையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. மீனவனுக்கு அது பெரிய விடுதலை. சாயம் காய்ச்ச வேண்டாம், தினமும் உலர்த்த வேண்டாம், உக்காது. ஒற்றை இழை நைலோனை நாம் தங்கூசி என்கிறோம். சிங்களத்தில் தங்கூஸ். மலாய் மொழியில் தூண்டில் நூல் தங்சி. ஒரே ஒலி மூன்று மொழிகளில் நிற்கிறது. மலாய் வம்சத்தவர் நம் பதுளையிலேயே வாழ்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கரையில் அதே பொருளுக்கு நரம்பு என்று பெயர்.

1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் ஃபுளோரோகார்பன் நூலைக் கொண்டுவந்தது. இதில் மந்திரம் இல்லை, தரம் 10, 11 விஞ்ஞானம்தான். ஒளி ஒரு பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளைகிறது. தண்ணீரின் முறிவுச்சுட்டி 1.33. ஃபுளோரோகார்பனுக்கு 1.42. நைலோனுக்கு 1.53க்குப் பக்கம். தண்ணீருக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு குறைவாகத் தெரியும். முற்றாக மறையாது. மேலும் நைலோன் தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் பலம் இழக்கும். ஃபுளோரோகார்பன் குடிக்காது. அடர்த்தியும் அதிகம், நைலோன் 1.14 என்றால் இது 1.78. அதனால் வேகமாகத் தாழும்.

கண் என்ற எதிரிக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. பல் அப்படியே நிற்கிறது. தோரா என்று நாம் வாங்கும் அறுக்குளா, சீலா, சுறா ஆகியவற்றின் வாய்க்கு இந்த நூல்கள் எல்லாம் சேமியாதான். அங்கே உருக்குக் கம்பி ஒன்றே தாங்கும். ஆனால் கம்பி நன்றாகத் தெரியும், கூர்ந்த கண்ணுள்ள மீன் விலகிப்போகும்.

யார் செலவில்?

இங்கேதான் கதை நம் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. ஆழ்கடலில் சூரைக்காக விடும் நீண்ட தூண்டில் வரிசையில், முள்ளுக்கு மேல் கம்பியா நைலோனா என்பது சுறாவின் உயிர்ப் பிரச்சினை. நைலோன் என்றால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். கம்பி என்றால் போகாது. 2008இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு இரண்டையும் ஒரே வரிசையில் கட்டிப் பார்த்தது. நைலோனில் சுறா குறைந்தது, பெரிய கண்ணுள்ள சூரை கூடுதலாகப் பட்டது. அவுஸ்திரேலியா தன் கிழக்குக் கடல் சூரை மீன்பிடியில் 2005லேயே கம்பியைத் தடைசெய்திருந்தது. மேற்கு, மத்திய பசிபிக் நாடுகளின் மீன்பிடி ஆணைக்குழு, நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் 20 பாகைக்குள் கம்பியை நிறுத்த 2022இல் முடிவெடுத்தது. அது 2024 முதல் நடைமுறை. நம் நாடும் நீண்ட வாலுள்ள கசைச் சுறாக்களைப் பிடிப்பதை 2012இல் தடைசெய்தது. சுறா மெதுவாக வளரும், குறைவாகக் குட்டி போடும். போனால் திரும்ப வர நாளாகும்.

நைலோன் நல்லவன், கம்பி கெட்டவன் என்று முடித்துவிடவும் முடியாது. நைலோனை அறுத்துப் போகும் சுறா, வாயில் முள்ளோடுதான் போகிறது. உக்காதது என்பது மீனவனுக்கு வரமாக வந்தது. அறுந்து கடலில் விழுந்த பிறகும் அது உக்காது. எருக்கம் நார் தொலைந்தால் கடல் அதைத் தின்றுவிடும். தங்கூசி தொலைந்தால் பல நூறு ஆண்டு கிடக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மீனும் ஆமையும் சிக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 2006இல் தங்கூசி வலை இங்கே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தூண்டிலுக்குத் தடையில்லை, வலைக்குத்தான். ஆனாலும் தங்கூசி வலையோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி பத்திரிகையில் இன்னும் வருகிறது. அவர்களும் வயிற்றுக்காகத்தான் போகிறார்கள். அவர்கள் பிடித்ததைச் சாப்பிடுகிறவர்களில் நாமும் இருக்கிறோம். சுறாக் கருவாடு வாங்கும்போது இதை நினைப்பது நல்லது.

இனி தம்பிமார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெளிந்த தண்ணீர், உஷாரான மீன் என்றால் ஃபுளோரோகார்பன். கலங்கிய தண்ணீர், சாதாரண பாரை என்றால் தங்கூசியே போதும், மலிவு, இழுபட்டுக் கொடுக்கும். அறுக்குளா, சீலா குறி என்றால் மட்டும் குட்டையான ஒரு துண்டுக் கம்பி. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். பாறையில் உரசிச் சொரசொரப்பான துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டிய துண்டு எவ்வளவு சிறியதானாலும் கடலில் போடாதீர்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நம் முன்னோர் தொலைத்த நூலைக் கடலே தின்று முடித்தது, நாம் தொலைப்பதை முடிக்க யாரும் இல்லை.

கித்துள் நாரில் கயிறு திரிக்கத் தெரிந்த பெரியவர்கள் பசறை, லுணுகலை, நமுனுகுல பக்கம் யாராவது இருந்தால் பிள்ளைகள் கேட்டு எழுதி அனுப்புங்கள். எத்தனை இழை, எந்தப் பக்கம் முறுக்கு, எதில் ஊறவைத்தார்கள் என்ற விவரத்தோடு வேண்டும். பாடசாலைச் சுவரில் ஒட்டி வைப்போம்.