சிகிச்சையைப் பாதியில் விட்டவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

நோயுற்றோரில் எத்தனை பேர் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றனர், எத்தனை பேர் அதை நிறைவு செய்தனர், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பவற்றை வரையறுக்கப்பட்ட அளவுகோல்களோடு ஒப்பிடுவதே புற்றுநோய் சிகிச்சைத் தணிக்கை.

அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் மூன்றை வகுத்துள்ளது: 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு முதலிரு நிலைகளிலேயே நோய் கண்டறியப்பட வேண்டும்; மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும்; 80 விழுக்காட்டினர் சிகிச்சையை நிறைவு செய்ய வேண்டும். 2018இல் லான்செட் இதழ் வெளியிட்ட கன்கார்ட்-3 ஆய்வின்படி, இந்நோயில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் அமெரிக்காவில் 90.2 விழுக்காடு, இந்தியாவில் 66.1. இந்திய எண்ணும் ஒருசில பதிவகங்களின் தரவிலிருந்து பெறப்பட்டதே.

நமது கேள்வி அந்த விகிதம் கணக்கிடப்படும் முறையைப் பற்றியது. கருப்பைவாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வெளிக்கதிர்வீச்சு, பின்னர் உட்கதிர்வீச்சு. அனைத்தும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறி. காலம் நீண்டால் நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு குறையும். சிகிச்சை இலவசமாகவே இருக்கலாம். ஆயினும் விவசாயக் கூலியான ஒரு தலித் பெண்ணுக்கு ஒவ்வோர் அமர்வும் ஒருநாள் கூலி இழப்பு; பேருந்துக் கட்டணமும் துணைக்கு வருபவரின் கூலியும் தனி. மூன்றாம் வாரத்தில் அவர் நின்றுவிட்டால் கோப்பில் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதப்படும். உயிர்வாழ்வைக் கணக்கிடும் வழக்கமான முறையோ, தொடர்பற்றுப் போனவருக்கும் மற்றவர்களுக்கு இணையான வாய்ப்பு இருப்பதாகக் கொள்கிறது. பாதியில் நின்றவரின் வாய்ப்பு உண்மையில் குறைவு. ஆகவே மருத்துவமனை எத்தனை ஏழைகளை இழக்கிறதோ அந்த அளவுக்கு அதன் விகிதம் உயர்ந்து தோன்றக்கூடும்!

இழக்கப்படுவோர் யார்? இங்கிலாந்தில் உயிர்வாழ்வு விகிதம் வறுமை நிலைவாரியாக வெளியிடப்படுகிறது. நம் நாட்டின் பதிவக அறிக்கைகளில் அது சாதிவாரியாக இல்லை. படுக்கையருகே சாதி கேட்பது புதிய பாகுபாட்டுக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் நியாயமானதே. எனவே நோயாளி விரும்பினால் மட்டும், சிகிச்சை அளிப்போர் பார்வைக்குச் செல்லாத படிவத்தில் பதிந்து, தொகுப்பெண்களை மட்டும் வெளியிடக் கோருகிறோம்.

உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்க அரசு மருத்துவமனை தவறுவது 21ஆம் உறுப்பின் மீறல் என்று 1996இல் பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு அவசர சிகிச்சை பற்றியது. எட்டு வாரக் கெடுவுக்கு அதை விரித்து வாதிட வேண்டியது நம் பணி. அதற்குச் சான்று வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்களும் இவற்றைக் கேட்கலாம்: ஓராண்டில் பதிவானோர், சிகிச்சை தொடங்கியோர், நிறைவு செய்தோர், தொடர்பற்றோர் எத்தனை பேர்? பெயரற்ற தொகுப்பெண்களுக்குத் தனிநபர் தகவல் என்ற விலக்கு பொருந்தாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமும் இல்லை. 'அவ்வாறு தொகுக்கப்படவில்லை' என்று பதில் வரக்கூடும். அதைப் பத்திரப்படுத்துங்கள், தணிக்கையே நடைபெறவில்லை என்பதற்கு மருத்துவமனை தானே எழுதித் தந்த சான்று அது.