நாலில் ஒரு பங்கு



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கென்யாவுக்கு வீட்டுச் சாமான்கள் அனுப்பியிருக்கிறான். "டீச்சர், நூறு ரூபாய்ப் பொருளை அவங்க கடை வாசல்லயே இறக்கி நூற்றைம்பதுக்குத் தர ஒத்துக்கிட்டேன். கைப்பணம் போச்சு" என்றான். அடுத்த சரக்குக்கு அம்மாவின் வளையலை அடகு வைக்கப் போகிறானாம். காபி கொடுத்துவிட்டு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு அனுப்புவது நமக்குப் புதிதல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்ற இடத்தில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகே துறைமுகத்தில் இந்தியப் பெரிய ஜாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது.

அந்தக் காலச் செலவுக் கணக்கும் கிடைத்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் உள்ளது. சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்குக்கான கடன் பத்திரம் ஒரு பக்கம். ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம் முதலான சரக்கின் மதிப்பு மறுபக்கம். சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, காவலோடு கோப்டோஸ் போய், நைல் படகில் அலெக்சாந்திரியா சேர வேண்டும். அங்கே ரோம அரசின் சுங்கம் நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம். கடன் அடையும்வரை சரக்கு கடன் கொடுத்தவரின் முத்திரையில்தான் இருக்கும். நம் காவிரிப்பூம்பட்டினத்திலும் சுங்கத்தார் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது.

இந்தியப் பொருள் ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்பதாக பிளினி குறைப்பட்டுக்கொண்டார். அந்த விலையில் ஒட்டகக் கூலி, காவல், வட்டி, சுங்கம் எல்லாம் அடங்கியிருந்தன.

இப்போது நம் பையன் கணக்குக்கு வருவோம். கென்யா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பல பொருள்களுக்குச் சுங்கம் இன்றும் 25 சதவீதம்தான். 2022 முதல் சிலவற்றுக்கு 35. அதுவும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்த மொத்தத்துக்கு.

பொருள் 100, கூலியும் இன்சூரன்ஸும் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120. சுங்கம் 25 சதவீதம் 30, ஆக 150. அந்த 150க்கு மதிப்புக் கூட்டு வரி 16 சதவீதம் 24. ஆக மொத்தம் 174. இன்னும் சில்லறைக் கட்டணங்களும், துறைமுகத்திலிருந்து லாரி வாடகையும் உண்டு. 150க்கு விற்றால் எப்படிக் கட்டும்?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தால் லாபம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அடக்க விலை என்றால் வாங்கிய விலை மட்டுமல்ல, பொருள் போய்ச் சேரும்வரை ஆகும் அத்தனை செலவும்தான் என்று அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கை எழுதி முடித்துவிட்டுப் பிறகு அடகுக் கடைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். துறைமுகத்திலோ ஷிப்பிங்கிலோ வேலை பார்க்கும் என் பிள்ளைகள் கமெண்ட்டில் சொல்லுங்கள். அவனுக்கு உதவியாக இருக்கும். எல்லோரும் நலமாக இருங்கள்.