துணி டயப்பர்: வீட்டில் துவைத்தலும் பராமரித்தலும்

பழைய வேட்டியையோ பருத்திப் புடைவையையோ கிழித்து, முக்கோணமாக மடித்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கம் நம் பகுதியில் இன்றும் உள்ளது. பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி, பச்சிளங்குழந்தையின் தோலுக்கு மிகவும் ஏற்றது. கடைகளில் கிடைக்கும், வெளியுறையும் உள்திண்டும் கொண்ட துணி டயப்பர்களையும் பயன்படுத்தலாம். எந்த வகையாயினும் முறையாகத் துவைத்து உலர்த்துவதே முக்கியம்.

துணி நனைந்தவுடன் தெரிந்துவிடும் என்பதில் ஒரு மருத்துவப் பயனும் உண்டு. முதல் வாரத்திற்குப் பின், 24 மணி நேரத்தில் 6 முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். தாய்மார்கள் இதைக் கணக்கிட்டு வருவது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

மலத்தை அப்புறப்படுத்துதல்

குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் எண்ணம் தவறானது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், காலரா கிருமி முதலியன குழந்தையின் மலத்தின் வழியாகவும் பரவும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

துணியிலுள்ள மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, நீரூற்றி அலசி, அந்த நீரையும் கழிப்பறையிலேயே கொட்ட வேண்டும். தெருவோரச் சாக்கடை, வீட்டுக் கிணற்றடி, பொதுக் குழாயடி, குளம், வாய்க்கால் ஆகிய இடங்களில் அலசுதல் கூடாது. சமையல் பாத்திரங்கள் கழுவும் இடத்திலும் இத்துணிகளைத் துவைக்க வேண்டாம். அலசிய துணிகளை மூடியுள்ள வாளியில் தண்ணீரின்றி வைக்கலாம். நீர் நிரம்பிய வாளி, தவழும் குழந்தை மூழ்கும் ஆபத்துடையது. ஒவ்வொரு முறை துணி மாற்றிய பின்பும் சோப்பு போட்டுக் கைகளைக் கழுவுக.

துவைத்தல்

ஒரு நாளைக்கு மேல் துணிகளைச் சேர்த்து வைக்க வேண்டாம். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பின்னர் சூடான நீரில் அளவான சலவைத்தூள் இட்டு ஊறவைத்துத் துவைக்கவும். வெறும் பருத்தித் துணிகளைக் கொதிநீரில் இடலாம். நீர்புகாத உறைகளையும் எலாஸ்டிக் உள்ளவற்றையும் கொதிக்கவைத்தால் அவை கெட்டுவிடும். அவற்றுக்கு வெதுவெதுப்பான நீரே போதும்.

துணி டயப்பரால் வரும் தோல் சிவப்புக்கு, சரியாக அலசப்படாமல் தங்கிய சோப்பு ஒரு முக்கியக் காரணம். கடலோரப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகவும் கடினமாகவும் உள்ள வீடுகளில் சோப்பு எளிதில் நுரைக்காது. அதனால் மேலும் மேலும் சோப்பு போடுகிறோம், அது துணியிலேயே படிந்துவிடுகிறது. அத்தகைய வீடுகளில் கடைசி அலசலுக்காவது குடிநீர்க் குழாய் நீரையோ மழைநீரையோ பயன்படுத்துக. நுரை முற்றிலும் நிற்கும்வரை, குறைந்தது 3 முறை அலச வேண்டும். துவைத்த துணி நனைந்தவுடன் காரமான நெடி அடித்தால் அது சரியாகத் துவைக்கப்படவில்லை என்று பொருள்.

கடைசி அலசலில் கிருமிநாசினித் திரவம் சேர்க்கும் பழக்கம் தேவையற்றது. அது தோலை எரிக்கும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது நீர் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

மழைக்காலத்தில் உலர்த்துதல்

நல்ல வெயிலில் விரித்து உலர்த்துவதே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில்தான் சிரமம். ஈரம் முழுதும் போகாத துணியைக் கட்டினால் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். அக்காலத்தில் 30 துணிகளாவது கைவசம் இருப்பது நல்லது. மின்விசிறிக்கடியில் கொடி கட்டி இடைவெளி விட்டு உலர்த்தி, பருத்தித் துணியை இருபுறமும் இஸ்திரி போடலாம். சமையலறை அடுப்புக்கு மேல் உலர்த்தாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம்

பிரசவத்திற்கு முன் பழைய புடைவைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும் வீடுகள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அந்துருண்டையில் (பாச்சை உருண்டை) பெரும்பாலும் நாப்தலீன் உள்ளது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் ஏறிய துணியை உடுத்தினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை ஏற்படலாம். அது மூளையைப் பாதிக்கும் அளவுக்குச் செல்லக்கூடும். இக்குறைபாடு ஆண் குழந்தைகளிடம் மிகுதி. பார்த்தவுடன் கண்டறிய இயலாது. எண்ணெய் தேய்த்த தோல் வழியே நாப்தலீன் இன்னும் எளிதாக உட்செல்லும். ஒருநாள் வெயிலில் காட்டினால் போதும் என்று எண்ணாமல், அந்துருண்டையுடன் வைத்திருந்த துணிகளைக் குழந்தைக்குப் பயன்படுத்துவதையே தவிர்த்துவிடுங்கள். குழந்தைத் துணிகளை நன்கு உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வைத்தாலே போதும்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

சாதாரணத் தோல் சிவப்புக்கு, துணியை அடிக்கடி மாற்றி, வெறும் நீரால் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டாலே 2, 3 நாள்களில் குறையும். பவுடர் போட வேண்டாம். தொடை மடிப்புகளுக்குள்ளும் சிவப்புப் பரவி, சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுக. கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலும் அவ்வாறே.

வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கவும். கண் அல்லது தோல் மஞ்சளாதல், வெளிறிப்போதல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல், பால் குடிக்க மறுத்தல், 6 மணி நேரத்திற்கு மேல் துணி நனையாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், இரவானாலும் காத்திராமல் உடனே குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும். துணிகளில் அந்துருண்டை வைத்திருந்ததுண்டா என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே தெரிவித்துவிடுங்கள்.