அலைகரையும் தரவையும்

வட இலங்கையின் வன்னியில் உள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் கதை மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் தொடங்குகிறது. நந்திக்கடல் ஓரம் மாடு சாய்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள், திரி எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலை நிறையக் கண்கள். வைகாசிப் பொங்கலுக்கு அங்கே இன்றும் கடல்நீரில்தான் விளக்கு ஏற்றுகிறார்கள். கும்பிடப் போகிறவருக்கு அந்த விளக்கு போதும். பழைய வன்னியைத் தேடுகிறவர் கதையின் ஓரத்தில் நிற்கும் மாடுகளையும் பார்க்க வேண்டும். களப்பு ஓரத்தில் பட்டி பட்டியாக மாடு மேய்வது, கதை சொன்னவருக்கும் கேட்டவருக்கும் விளக்கம் வேண்டாத காட்சியாக இருந்திருக்கிறது.

வன்னி என்றால் காடும் குளமும் என்றுதான் எழுதுவார்கள். புல்லை யாரும் எழுதுவதில்லை. ஆபிரிக்காவின் செரெங்கெட்டி போலக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த புல்வெளி இங்கே இல்லை என்பது உண்மைதான். உள்ளவை துண்டு துண்டானவை: பூநகரிப் பக்கத்திலும் களப்புகளின் ஓரத்திலும் உப்புக்காற்று வாங்கிக் கிடக்கும் தரவைகள்; காட்டுக்கு நடுவே திடீரென்று திறக்கும் வெளிகள்; எல்லாவற்றையும்விட, கோடையில் நீர் வற்றும்போது குளத்தின் உட்பக்கத்தில் வெளிப்படும் அலைகரை. மற்ற நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆடி, ஆவணியில் அலைகரையின் ஈரச்சேற்றில் அறுகும் கோரையும் தளிர்விடும். மாடும் மானும் யானையும் அங்கேதான் இறங்கும். மின்னேரியாவில் யானைக் கூட்டம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் குவிவதும் வற்றும் குளத்தில் முளைக்கும் இதே புல்லால்தான். அங்கே அது காட்சி. வன்னியில் அது பால்.

ஆகவே மேய்ச்சல் தரை இங்கே நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை, பருவத்தோடு இடம் மாறியது. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்பு முடிந்தால் மாட்டுக்கு வயலில் இடமில்லை. எந்தத் தேதிக்குள் வேலி அடைக்க வேண்டும், மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பதைக் கமக்காரர் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். அந்த மாதங்களில் பட்டி மேட்டுத் தரவைக்கோ காட்டோரத்துக்கோ போகும். தை, மாசியில் அரிவு வெட்டு முடிந்ததும் வயலின் ஒட்டு மாட்டுக்குத் திறந்துவிடப்படும்; மாடு மேயும், எரு வயலுக்குச் சேரும். சூடு மிதிக்கவும் சேற்றை உழக்கவும் எருமை வேண்டும் என்பதால் கமக்காரனுக்கும் பட்டிக்காரனுக்கும் பகை முற்ற வழியில்லை. வயல் வெளி வெறிச்சோடிய பிறகு அலைகரை. ஒரே நிலம் சில மாதம் வயல், சில மாதம் குளம், சில மாதம் மேய்ச்சல்.

மாடு யாருடையது என்பதை வேலி சொல்லவில்லை, தோல் சொன்னது. குடும்பத்துக்கு ஒரு குறி. கன்றுகளைச் சேர்த்துக் கட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறி சுடுவார்கள். பட்டியை விட்டுக் காட்டோடு போய்ப் பெருகியவை குழுமாடுகள். வார்க்கயிறு எறிந்து அவற்றைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஊரில் தனி மரியாதை.

இந்த ஏற்பாடு எதுவும் காகிதத்தில் இல்லை. அதுதான் பிற்கால வினைக்கெல்லாம் விதை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடாமலும் கிடக்கும் நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், முடிக்குரியது என்றது. மேய்வதைப் பயிரிடுவதாகக் கணக்கெடுக்கக் கொழும்பில் யாருக்கும் தோன்றவில்லை. 1876இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. வயலுக்குள் புகுந்த மாட்டுக்கு என்ன தண்டம் என்பது தெளிவானது. மாட்டுக்கு எங்கே இடம் என்பதற்கு ஒரு வரி கிடைக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை எந்தெந்தத் தேவைக்கு ஒதுக்கலாம் என்ற பட்டியலில் கிராம விரிவாக்கம், கிராமக் காடு என்பவற்றோடு கிராம மேய்ச்சல் தரையையும் சேர்த்தது. வன்னியில் குடியேற்றத் திட்டங்கள் மளமளவென்று வந்த காலத்தில் காணி அளந்தவர்கள் வயலுக்கும் வீட்டுக்கும் அளந்த வேகத்தில் புல்லுக்கு அளக்கவில்லை.

குளங்களும் ஒரு வகையில் மேய்ச்சலுக்கு எதிராக வேலை செய்தன என்று சொன்னால் கமக்காரர் கோபிப்பார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1885இல் முன்மொழிந்த இரணைமடு, 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு பலமுறை உயர்த்தப்பட்டது. 1950களில் வவுனிக்குளம், பின்னர் முத்தையன்கட்டு. பெரிய குளம் வந்த இடத்தில் கோடைப் பயிரான சிறுபோகம் வந்தது. சிறுபோகம் வந்த வயலில் ஒட்டு மேய்ச்சல் பாதியானது. உழவு இயந்திரம் வந்து எருமையை வயலிலிருந்து விலக்கியதும், கமக்காரனுக்குப் பட்டியால் ஆகவேண்டியது குறைந்துபோனது.

பிறகு போர் வந்தது. அதன் கதையில் ஆடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1987இல் இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு, நாற்பது ஆண்டுகளாக இலங்கையில் காணப்படாத ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் திரும்பி வந்தது. அதை ஒழிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பார்த்தீனியச் செடி இந்நாட்டில் முதலில் பதிவானது 1999இல், வவுனியாவில். அதுவும் அதே ஆடுகளோடு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாடு விரும்பித் தின்னாத, தின்றால் பாலைக் கசக்க வைக்கும், புல்லை நெருக்கித் தள்ளும் செடி. 2009இல் மக்கள் பட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். முகாம்களிலிருந்து திரும்பியபோது பழைய மேய்ச்சல் வெளிகளில் சில பற்றை மண்டிக் காடாகியிருந்தன. காடாகத் தெரிந்த இடத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் முளைத்தது.

காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015 ஜூனில் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. கடலேரியும் தரவையும் பனங்கூடலும் சேர்ந்த அந்த நிலத்துக்கு அது தகும். ஆனால் மாட்டை வெளியேற்றினால் புல்வெளி பிழைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ராஜஸ்தானின் பரத்பூர் பறவைப் பூங்கா ஒரு கசப்பான மறுமொழி. அங்கே 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எருமை மேயாத நீர்நிலைகளைப் புல் மூடியது, பறவைகளுக்கு நீர்ப்பரப்பு சுருங்கியது. மேய்ச்சல் அந்த இடத்துக்கு நன்மையே செய்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்ட ஆய்வு பிறகு சொன்னது. மாடு மேய்ந்தே உருவான தரவைக்கு இது பொருந்தாமல் போக நியாயமில்லை.

அலைகரைக்கோ அப்படி ஒரு பூங்காப் பெயரும் இல்லை. நீர் பின்வாங்கியதும் வரம்பு கட்டி நெல் விதைக்க ஆள் வந்துவிடுகிறது. மழைமாதங்களில் நெருக்கடி இன்னும் மோசம்: வயல் எல்லாம் பயிர், காட்டோரம் எல்லைக்கல், தரவை சேறு. பட்டிகள் பெரும்பாலும் கூரை இல்லாதவை. 2022 டிசெம்பரில் புயலை ஒட்டி அடித்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. தப்பியவை ஈரமில்லாத மேடு தேடும். ஏ9 வீதியின் தார் அதற்கு வாய்ப்பு. இரவில் வீதியில் படுக்கும் மாட்டுக்குக் கட்டாக்காலி என்று பெயர். விபத்துகளுக்குப் பிறகு பிரதேச சபை அவற்றைப் பிடித்து அடைக்கும். உரியவர் தண்டம் கட்டி மீட்டுக்கொண்டு, அதே பட்டிக்கே சாய்த்துப் போவார்.