பதப்படுத்திய இரைப்பைப் புற்றுத் திசுக்களில் ஹெலிகோபாக்டர் பைலோரி

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது மனித இரைப்பையில் வாழும் பாக்டீரியா. இரைப்பைப் புற்றுநோய்க்கு இது முக்கியக் காரணம். ஆயினும் புற்றுத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது இது பல நேரங்களில் தென்படுவதில்லை. எனவே, சேமித்து வைத்த பழைய திசுக்களில் இதன் தடயத்தைத் தேட மூலக்கூறு முறைகள் தேவைப்பட்டன.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். 1982இல் அவரும் பாரி மார்ஷலும் அவற்றை ஆய்வகத்தில் வளர்த்தனர். இதற்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீண்ட காலத் தொற்றால் இரைப்பைச் சுரப்பிகள் தேய்கின்றன. அமிலச் சுரப்பு குறைகிறது. குடல் செல்களை ஒத்த செல்கள் அங்கே தோன்றுகின்றன. இந்தச் சூழலில் பாக்டீரியா நிலைப்பது கடினம். அதனால் புற்று வெளிப்படும் காலத்தில் அது குறைந்தோ மறைந்தோ போயிருக்கலாம்.

நோய்க்கு முன்பே எடுத்த மாதிரிகள் இதைத் தெளிவாக்கின. ஹவாய் தீவுகளில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 1960களின் இறுதியில் இரத்தம் சேகரிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் இரைப்பைப் புற்று வந்த 109 பேரில் 94 விழுக்காட்டினரின் இரத்தத்தில் இப்பாக்டீரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்ததாக 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்று வராதோரில் அது 76 விழுக்காடு. 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இத்தொற்றை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது.

அறுவையில் அகற்றிய திசுக்கள் பார்மலினில் பதப்படுத்தப்பட்டு, பாரஃபின் மெழுகுக் கட்டிகளாகப் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. 1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பாலிமரேஸ் தொடர்வினை, அதாவது பிசிஆர், இவற்றை ஆராய வழி செய்தது. மெல்லிய சீவலிலிருந்து மெழுகை நீக்கி, டி.என்.ஏ.வைப் பிரித்து, பாக்டீரியாவுக்கே உரிய மரபணுப் பகுதியைப் பலமடங்கு பெருக்குவதே இம்முறை. பார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் குறுகிய பகுதிகளையே இலக்காகக் கொள்வர்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. டி.என்.ஏ. கிடைத்தால் பாக்டீரியா உயிருடன் இருந்ததென்று பொருளில்லை. ஒரு கட்டியைச் சீவிய கத்தியில் ஒட்டிய துணுக்கு அடுத்த கட்டியில் பொய்யான முடிவைத் தரலாம். சிதைந்த டி.என்.ஏ. உண்மையான தொற்றையும் மறைக்கலாம். அதனால் மனித மரபணு ஒன்றையும் உடன் பெருக்கி, மாதிரியின் தரத்தைச் சரிபார்ப்பர். எதுவும் கிடைக்காத திசுவை வைத்து மட்டும் அந்நோயாளிக்குத் தொற்றே இருந்ததில்லை என்று முடிவு செய்ய முடியாது.