நாடி கிடைக்காத மனிதர்

காலேஜில் பம்ப்னா எங்களுக்கு ஓட்டம், அழுத்தம், சுழற்சி, அவ்வளவுதான். பீட்டர் ஹோட்டனைப் பற்றி வாசிக்கும்வரை.

2000 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் இதயத்துக்குள் ஜார்விக் 2000 பம்ப்பைப் பொருத்தினார்கள். கட்டைவிரல் பருமன்தான். மாற்று இதயம் கிடைக்கும்வரை என்றல்ல, ஆயுசுக்கும். ரத்தத்தை விடாமல் தள்ளுவதால் கையைப் பிடித்தால் நாடி கிடைப்பது கஷ்டம். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் மின்செருகி, கூடவே சுமக்க பேட்டரி.

சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு மனநல ஆலோசனை சொன்னவர் அவர். பிறகு ஏழு வருஷம் வாழ்ந்தார். நடந்தார், எழுதினார். ஆனால் மனசு இறுகிவிட்டதாக, பேரப்பிள்ளைகளிடம்கூட ஒட்ட முடியவில்லை என்று 2007இல் சொன்னார். நாடி போனதாலா? நான் நம்பல. பேட்டரியை நம்பியே தூங்கி எழுந்ததால் இருக்கலாம். எங்கள் சமன்பாட்டில் அதற்கு இடமில்லை.

பம்ப் வைக்கலாமா என்று தயங்கியவர்களோடு அவரே உட்கார்ந்து பேசினார்.