உரிமை மன்றங்களும் மலையக மக்களும்

இலங்கையின் இருப்புப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில் அது உள்ளது. 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை பட்டிப்பொலையைக் கடந்து 1924இல் பதுளை சென்றடைந்தது. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கவும், தொழிலாளர்க்கு வேண்டிய அரிசியை ஏற்றவும் அப்பாதை பயன்பட்டது. ஆயின் தம் உரிமைகள் ஆராயப்படும் மன்றங்களில் தாமே அமரும் வாய்ப்பு, அம்மலைகளில் உழைத்த மக்களை அத்துணை விரைவில் வந்தடையவில்லை. அவ்வாய்ப்பு எவ்வாறு வந்தது, எவ்வாறு பறிபோயிற்று, மீண்டபோது எவ்வடிவில் மீண்டது என்பன ஈண்டு நோக்கற்பாலன.

டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் சர்வசன வாக்குரிமையை அளித்தது. அவ்வாண்டு அமைந்த அரசாங்க சபைக்கு அட்டன் தொகுதியிலிருந்து சட்டத்தரணி பெரி சுந்தரம் சென்றார். தொழில், கைத்தொழில், வணிகத் துறை அமைச்சராகவும் அவர் விளங்கினார். அச்சபையின் காலத்திலேயே 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறின. 1936இல் அட்டன் தொகுதி கோ. நடேசையரைத் தெரிவு செய்தது. தொழிலாளரின் குரல் மன்றத்தில் ஒலிக்குமாயின் அது சட்டமாகவும் உருப்பெறக்கூடும் என்பதற்கு இக்காலம் சான்றாகும்.

எனினும் அக்காலத்திலேயே எதிர்மாறான போக்கும் தோன்றிவிட்டது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கச் சட்டத்துக்குக் கொணரப்பட்ட திருத்தம், தோட்டங்களில் வதியும் தொழிலாளரைக் கிராம ஆட்சிக்குப் புறம்பாக்கியது. நாடாளும் சபைக்கு வாக்களிக்கத் தகுதியுடையவன், தன் வாசலருகே ஓடும் பாதையைப் பற்றிப் பேசும் சங்கத்துக்கு வாக்களிக்கத் தகுதியற்றவனானான்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிவகுத்ததேனும், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டுமென்றது. தோட்டத்துரையின் பதிவேட்டையன்றி வேறு ஆவணம் அறியாத குடும்பங்களுக்கு இது எளிதன்று. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரியதாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எவரும் தெரிவாகவில்லை.

1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வொப்பந்தங்கள் செய்யப்பட்டபோது அம்மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினைக்குப் படிப்படியாகத் தீர்வு கண்டன.

இப்பின்னணியிலேதான் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். அவ்வாணைக்குழு ஐவரைக் கொண்டது. உறுப்பினரை விதந்துரைக்கும்போது சிறுபான்மையினர் அதில் இடம்பெற வேண்டிய அவசியத்தைக் கருத்திற் கொள்ளவேண்டுமென்று சட்டமே கூறுகிறது. ராதிகா குமாரசுவாமி அதன் தலைவராகவும், அம்பிகா சற்குணநாதன் உறுப்பினராகவும் பணியாற்றியுள்ளனர். 2023இல் நியமிக்கப்பட்ட குழுவில், மலையகக் கல்வி குறித்து எழுதிவந்த பேராசிரியர் தை. தனராஜ் இடம்பெற்றார்.

ஆயின் ‘சிறுபான்மையினர்’ என்ற சொல் விரிவானது. 1911 முதல் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரை இலங்கைத் தமிழரினின்றும் வேறாகவே கணக்கிட்டு வந்தது. உரிமையை மறுப்பதற்கும் இவ்வேறுபாடு பயன்பட்டதுண்டு. ஆணைக்குழுச் சட்டமோ மலையகத்தைத் தனியே சுட்டவில்லை. எண்ணும்போது தனியாகவும், இடமளிக்கும்போது பொதுவாகவும் கொள்ளப்படுவது இம்மக்களின் வரலாற்றில் விளங்கும் முரண்பாடாகும்.

இன்னொரு தடை அதிகார எல்லை பற்றியது. நிருவாக அல்லது ஆட்சித்துறைச் செயலால் நேரும் அடிப்படை உரிமை மீறல்களையே ஆணைக்குழு விசாரிக்கலாம். 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. எனவே ஆணைக்குழு தோன்றியபோது தோட்ட நிர்வாகம் அரசின் நேரடிக் கையில் இல்லை. தொழிலாளி அன்றாடம் எதிர்கொள்ளும் அதிகாரம் பெரும்பாலும் ஆணைக்குழுவின் எல்லைக்கு வெளியே நின்றது. உள்ளூராட்சியிலும் இந்நிலையே காணப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்டது. தோட்ட மக்களின் வாக்கால் தெரிவானவர் சபையில் அமர்ந்திருந்தும், அவர்களது லயத்துக்கு ஒரு பாதை அமைக்கச் சட்டம் இடந்தரவில்லை. 2018இலேயே இது திருத்தப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. மன்றத்தில் இடம்பெறுதல் உரிமையின் ஒரு பாதியே. அம்மன்றத்தின் அதிகாரம் மக்கள் வாழும் இடம்வரை செல்லுதல் மறுபாதியாகும். பெரி சுந்தரத்தின் காலத்தில் இவ்விரண்டும் ஓரளவேனும் இணைந்திருந்தன. 1949இன் பின் முதற்பாதி பறிபோயிற்று. அது மீண்ட காலத்திலோ மறுபாதி குறைவாயிற்று.

அதுபற்றி ஆணைக்குழுவைப் பயனற்றதெனத் தள்ளுதல் பொருந்தாது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். பட்டிப்பொலையில் வாழும் ஒருவர் அக்காலத்துள் கொழும்புக்குச் சென்று வழக்கறிஞரை அமர்த்துவது அரிது. ஆனால் அம்மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். அடையாள அட்டை மறுக்கப்பட்டவர், காவல் நிலையத்தில் துன்புறுத்தப்பட்டவர், தாய்மொழியில் அரச அலுவல் நடத்த இயலாதவர் ஆகியோர் யாவரும் இவ்வழியை நாடலாம்.

அம்முறையீட்டை எழுதிக் கொடுக்க வல்லவர் தோட்டந்தோறும் வேண்டும். கற்றோர் தொகை பெருகிவரும் மலையகத்தில் இது இயலாத செயலன்று. முறையீடுகள் எழுத்திற் குவியும்போது, ஆணைக்குழுவில் மலையகத்துக்கு நிலையான இடம் வேண்டுமென்ற கோரிக்கையும், தோட்ட நிர்வாகத்தை அதன் எல்லைக்குள் கொணரவேண்டுமென்ற கோரிக்கையும் மறுக்கவொண்ணா வலுவைப் பெறும்.